கொத்தனாரிடம் கேளுங்கள்



கட்டடக்கலைப் பட்டதாரிகளான உங்களிடம் ஒரு வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கட்டடக் கலைஞர் அனுபமா குண்டூ ஆரோவில்லில் தமக்காகவே கட்டிய 'வால் ஹவுஸ்' அது. புனேயில் பிறந்து, மும்பை ஜே.ஜே. கல்லூரியில் படித்து, 1990-இல் ஆரோவில்லுக்கு வந்தவர் அவர். வீடு 2000-இல் முடிந்தது.

சுற்றுவட்டாரச் சூளைகளில் கையால் அறுத்துச் சுட்ட மெல்லிய அச்சுக்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் வைத்துச் சுவர் எழுப்பினார். வளைவுக் கூரைக்கு உள்ளே பொள்ளலான சுடுமண் குழல்கள். தட்டைத் தளங்களில் கான்கிரீட்டுக்கு நடுவே மண்பானைகள். பானை அடைத்த இடத்தில் கான்கிரீட் மிச்சம், அதனுள் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கிறது. நீண்ட அறையின் அகலம் 2.2 மீட்டர்தான். ஆனாலும் நெருக்கடி தெரியாது. வெளியும் உள்ளும் கலந்தே இருக்கின்றன.

பலரும் அந்த வீட்டின் அழகைப் புகழ்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது, கட்டுமானச் செலவில் ஒரு பங்கு சூளைக்காரர் வீட்டுக்கும் குயவர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததுதான். 2012-இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் அந்த வீட்டை முழு அளவில் மறுபடி எழுப்பினார்கள். தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் அங்கே போய், வெளிநாட்டு மாணவர்களோடு சேர்ந்து கல் வைத்தார்கள். நம் கொத்தனாரின் கைக்கு உலக மேடையில் கிடைத்த மரியாதை அது.

இனி நம் சேவூருக்கு வருவோம். இங்கிருந்து அவிநாசி, திருப்பூர் வரை தகரக் கூரை போட்ட பனியன் கம்பெனிகள். சித்திரை மதியத்தில் அந்தக் கூரையடியில் உட்கார்ந்து தைப்பவர்களின் பாடு உங்களில் பலருக்கு வீட்டிலேயே தெரியும். பவர் டேபிள்கள் வரிசையாக நிற்கும் அகலமான கொட்டகைக்குப் பானைத் தளம் ஒத்துவராது; இரும்புச் சட்டம் வேண்டியதுதான். ஆனால் மேற்குச் சுவருக்கு நிழல், ஆள் உயரத்தில் காற்று வழி, சூடு வெளியேற உச்சியில் திறப்பு, இவற்றையெல்லாம் வரைபடத்திலேயே முடிவு செய்யலாம். அந்தப் பேனா இன்று உங்கள் கைக்கு வருகிறது.

உங்களுக்கு வரும் முதல் வேலை பெரும்பாலும் அப்படியொரு கொட்டகையாகத்தான் இருக்கும். சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கோடு போடுமுன் ஒரு மதியம் முழுக்க உள்ளே இருந்து பாருங்கள். எந்தப் பக்கம் காற்று வருகிறது என்று தையல் டேபிளில் இருக்கும் அக்காவிடம் கேளுங்கள். எந்தக் கல் பக்கத்தில் கிடைக்கும் என்று கொத்தனாரிடம் கேளுங்கள். பிறகு வரையுங்கள்.