மலைநாட்டின் கிறவல் வழிகள்

(எமது சங்க வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

எமது வாலிபர் பகுதியினர் சைக்கிளிலே மலைநாட்டைச் சுற்றிவர எண்ணியிருக்கிறார்கள். தார் வீதியில் அல்ல. தோட்டங்களினூடே செல்லும் கிறவல் பாதைகளில். அவ்வழிகளை ஓரளவு அறிந்தவன் என்ற காரணத்தால் அவற்றைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தார்கள். இது என்ன புதுப் பைத்தியம் என்று பெரியோர் சிலர் முகஞ் சுளிப்பதை இங்கிருந்தே காண்கிறேன். அவர்களும் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிறவல் சைக்கிள் என்று இப்பொழுது விற்கப்படுவது ஓட்டப்பந்தயச் சைக்கிளைப் போன்ற வளைந்த கைபிடியும், அதனிலும் அகன்ற ரயரும் உடையது. எமது மலைக்கு 40 அல்லது 45 மில்லிமீற்றர் அகலமுள்ள ரயர் வேண்டும். காற்றைக் கல்லுப்போல அடிக்கக்கூடாது. ஓடுபவரின் எடைக்கேற்பச் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 40 இறாத்தல் போதுமானது. யாழ்ப்பாணத்திலே சைக்கிள் ஓடிப் பழகியவனுக்கு எதிர்க்காற்றுத்தான் மலை. அவன் இங்கு வந்தால் முதலில் கியரைப் பழக வேண்டும். அதற்கு மேலாகப் பிரேக்கைப் பழக வேண்டும். ஏறத் தெரியாதவன் இறங்கி உருட்டிக்கொண்டு போகலாம். இறங்கத் தெரியாதவனுக்கு அந்த வசதி இல்லை.

இனி வழிக்கு வருவோம். கண்டிக்கு அண்மையில் ஹந்தானையிலே தொடங்கி, கலஹா, லூல்கந்துர, ஹப்புத்தளை, எல்ல ஆகிய இடங்களைத் தொட்டுச் சுற்றி நுவரெலியாவில் முடிகின்ற 'பெக்கோ ட்ரெயில்' என்னும் நெடுவழியைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அவ்வழியை 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நடப்பவர்களை எண்ணி வகுக்கப்பட்ட வழி அது. எல்லாக் கட்டமும் சைக்கிளுக்கு ஏற்றதன்று. முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஹப்புத்தளைப் பகுதியே.

ஹப்புத்தளைப் பட்டினம் ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தம்பேதென்னைத் தேயிலை ஆலைக்கு 10 கிலோமீற்றர். 1890 ஆம் ஆண்டிலே தோமஸ் லிப்டன் கட்டுவித்த ஆலை அது. அதற்கு அப்பால் 7 கிலோமீற்றர் ஏற்றம். சில இடத்தில் தார், சில இடத்தில் கொங்கிறீற், பல இடத்தில் பெயர்ந்த கல். முடிவிலே 1,970 மீற்றர் உயரமான லிப்டன் இருக்கை. விடியுமுன் புறப்பட்டால் தெற்கே தாழ்நாடு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். முற்பகலிலேயே புகார் ஏறிவிடும். பிறகு முன்னே போகிற நண்பனின் முதுகும் தெரியாது.

காலத்தையும் சொல்ல வேண்டும். ஆடி மாதத்தில் ஹட்டன் பக்கம் தென்மேல் பருவக்காற்றினால் நனைந்துகொண்டிருக்க, மலைக்கு இப்பால் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். ஊவாவுக்கு மழை ஐப்பசிக்குப் பின்னரே. ஆனபடியால் ஆனி முதல் ஆவணி வரையும், பின்னர் மாசி, பங்குனியும் ஹப்புத்தளைக்குத் தகுந்த காலம்.

ஏற்றம் என்று பயப்படுத்திவிட்டேன். உண்மையில் அந்தப் பாதை அவ்வளவு கொடியதன்று. சரிவை நேரே வெட்டி ஏறாமல், மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி முடக்கு முடக்காகப் போகும். காரணம் என்ன? கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் அவ்வாறான பாதைகளை மாட்டு வண்டிக்காகவே வகுத்தார்கள். பாரத்துடன் மாடு ஏற வேண்டுமாயின் ஏற்றம் மெதுவாக இருந்தாக வேண்டும். ஹப்புத்தளைக்கு ரயில் வந்ததே 1893 ஆம் ஆண்டில்தான் என்றால், அதற்கு முன் வண்டிப் பாதைக்கு எத்தனை வேலை இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மாட்டின் மூச்சுக்கு அளந்த பாதையே இன்று எமது மூச்சுக்கும் பொருந்துகிறது.

அந்தப் பாதைகளை வெட்டியவர் யார்? தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். அவ்வருகையின் 200 ஆண்டு நிறைவை நினைந்து 2023 ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணமும் நிகழ்ந்தது. வண்டிக்கு மெதுவான பாதையை வெட்டிக்கொடுத்த அம்மக்கள் தாங்கள் ஏறியது எந்தப் பாதையில்? முடக்குக்கு முடக்கு, கொழுந்து மலைகளுக்கிடையே நேரே மேலேறும் குறுக்கு வழியைப் பாருங்கள். படியும் வேருமாக அது செங்குத்தாக நிற்கும். கொழுந்து மூட்டையுடன் பெண்கள் ஏறி இறங்குவது இன்றும் அதிலேதான்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதித் தோட்டமொன்றின் கிறவல் பாதையில் மிகுந்த வேகத்தோடு இறங்கினேன். முடக்கைத் திரும்பியதும் எதிரே பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர், பாதை அகலத்துக்கும் பரந்து நின்றார்கள். மணியடிக்க நேரமில்லை. வண்டியை உட்பக்கம் திருப்பிக் கானுக்குள் விழுந்தேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவ்வேளை நான் நினைத்தது பிள்ளைகளை அல்ல, வளைந்துபோன என் சக்கரத்தைத்தான். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பக்கத்து லயத்திலிருந்து வயது முதிர்ந்த அம்மா ஒருவர் வந்து முழங்காலைக் கழுவிவிட்டார், தேத்தண்ணியும் தந்தார். "தம்பி, கான் தூந்து கெடந்ததால தப்பிச்சீங்க. அந்தக் காலத்துக் கானா இருந்தா கால் ஒடிஞ்சிருக்கும்" என்று சிரித்தார். பிறகு தாமாகவே சொன்னார்: "மழைக்கு முந்தி வருசா வருசம் கான் வெட்டுவோம். இப்ப அதுக்கு ஆளே போடுறதில்ல. தண்ணி ரோட்டு மேலேயே ஓடுது. போன மாசம் புள்ளத்தாச்சி ஒருத்திய முச்சக்கர வண்டி ஏறாம நாலு பேரு தூக்கிக்கிட்டுத்தான் போனாங்க."

நண்பர்களே, கிறவல் பாதையின் இரகசியம் முழுவதும் அந்தக் கானிலேதான் இருக்கிறது. கான் திறந்திருந்தால் மலைத்தண்ணீர் அதன்வழி ஓடிப் போக்கினூடே கீழே விழும். தூர்ந்தால் பாதையே ஆறாகும். பொடிமண் கரைந்து, கல் மாத்திரம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். சைக்கிள்காரருக்கு அது விளையாட்டு. லயத்தில் இருப்பவருக்கு வைத்தியசாலைக்குப் போகும் ஒரே வழி. ஒழுங்கில்லாமல் தேங்கி மண்ணுக்குள் இறங்கும் நீர் சரிவையும் தளர்த்திவிடும். இதே மலைத்தொடரின் தெற்குச் சரிவில்தான், 2014 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29 ஆம் திகதி காலையில் மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போதும் மலைநாட்டில் எத்தனையோ சரிவுகள் இடிந்தன. ஆகையால் பழைய வரைபடத்தை நம்பிப் புறப்படாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். தோட்டத்து ஆட்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

இன்னுமொன்று. பயணிகளின் வரைபடத்தில் ஒரு தோட்டப் பாதைக்குக் கட்ட இலக்கம் இருக்கிறது. அதே பாதையோரத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்கு இன்றும் சொந்த முகவரி இல்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்குத்தான் வருகிறது. நாம் அவர்கள் வாசலால் போகிறோம் என்பதை மறவாமல், லயத்தைக் கடக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கொழுந்து எடுக்கும் பெண்களைக் கேளாமல் படம் பிடிக்காதீர்கள். மாரியம்மன் கோவில் மாத்திரமல்ல, ஆலையடியில் ரோதைமுனியும் கவ்வாத்து மலையில் கவ்வாத்துச்சாமியும் அங்கே உண்டு. ஆகமத்தில் தேடினாற் கிடைக்காத தெய்வங்கள்! இயந்திரச் சக்கரத்துக்கும் கத்திக்கும் நடுவே உழைத்தவர்கள் தம் உயிர்க்காவலுக்கு வைத்து வணங்கியவை அவை. அவ்விடங்களில் இறங்கி நடந்து போங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். செயற்குழு ஆவணியில் இரண்டு நாட் பயணம் என்று தீர்மானித்திருக்கிறது. அதை மூன்று நாளாக்க வேண்டும். மூன்றாம் நாள் நான் விழுந்த அந்தப் பாதையிலே, தோட்டத்தாரின் சம்மதத்துடன், ஐப்பசி மழைக்கு முன்னர் ஒரு கிலோமீற்றர்க் கானையாவது சிரமதானமாகத் துப்புரவு செய்து திறந்துவிடலாம். மண்வெட்டி எப்படிப் பிடிப்பது என்று அவ்வூரவர்களே எமக்குக் காட்டித் தருவார்கள். சைக்கிளில் ஏற முடியாத பெரியோர் ரயிலில் ஹப்புத்தளைக்கு வந்து சேரலாம்; சமையலுக்கு ஆள் வேண்டும். வர விரும்புவோர் இன்றே காரியதரிசியிடம் பெயரைக் கொடுங்கள். மண்வெட்டி கொண்டு வரக்கூடியவர்கள் அதையும் குறிப்பிடுங்கள்.