அடுத்த பகுதி எப்போது வரும்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தொழில்நுட்பமும் படைப்பாற்றலும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய தலைப்பில் பதினைந்து நிமிஷம் பேசினால் யாருக்கும் பிரயோஜனம் இருக்காது. செயலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு விஷுவல் நாவல் செய்கிறார்கள். மொத்தம் ஆறு பகுதி. "ஜனவரியிலிருந்து மாசம் ஒண்ணுன்னு அறிவிக்கப் போறோம், ஆறுக்கும் சேர்த்து முன்பணம் வாங்கலாமாண்ணா?" என்று என்னிடம் கேட்டார்கள். அறிவிப்பு இன்னும் வெளியே போகவில்லை. போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இங்கே நிற்கிறேன்.

பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. விஷுவல் நாவல் என்பது கணினியில் படிக்கிற கதை. பின்னால் ஊரோ வீடோ படமாக இருக்கும், முன்னால் பாத்திரங்கள் நிற்பார்கள், கீழே வசனம் வரி வரியாக வரும், கூடவே இசை. படிப்பவர் பட்டனைத் தட்டித் தட்டி நகர்த்துவார். சிலவற்றில் நடுநடுவே 'இப்போது என்ன செய்யலாம்?' என்று கேள்வி வரும். அவர் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்துக் கதை திரும்பும். ஜப்பானில் வளர்ந்த வடிவம் இது.

எனக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்குச் சோறு போடுவது ஆலையின் வருடாந்திர ஷட்டவுன் வேலைக்குத் திட்டம் போடும் தொழில். அந்தத் தொழிலில் தேதி அசையாது. கொதிகலனை எந்த நாளில் மறுபடி ஏற்ற வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். வேலையைத்தான் கூட்டலாம், குறைக்கலாம். தொடராக வெளியாகும் கதைக்கும் இதே கணக்குத்தான் என்பது என் கட்சி.

இதை மிக நன்றாகச் செய்து காட்டியவர் ரியூகிஷி07 என்ற புனைபெயர் கொண்ட ஜப்பானிய எழுத்தாளர். '07த் எக்ஸ்பான்ஷன்' என்பது அவருடைய சிறு குழு. அவர்களுடைய 'ஹிகுராஷி நோ நாகு கோரோ நி' எட்டுப் பகுதிகளாக வந்தது. முதல் பகுதி 2002 ஆகஸ்டில், எட்டாவது 2006 ஆகஸ்டில். எங்கே வெளியிட்டார்கள் என்பதுதான் விசேஷம். டோக்கியோவில் 'காமிக்கெட்' என்று ஒரு சந்தை. சொந்தமாக அச்சடித்த, சொந்தமாகத் தயாரித்த படைப்புகளை மேஜை போட்டு விற்பார்கள். ஆகஸ்டில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு முறை கூடும். இவர்களுக்காக அந்தத் தேதி தள்ளிப்போகாது. முடித்தால் மேஜையில் வட்டு இருக்கும், முடிக்காவிட்டால் அடுத்த சந்தைதான். நாலு வருஷத்தில் ஒன்பது சந்தைகள், எட்டுப் பகுதிகள். 2003 டிசம்பரில் மட்டும் புதுப் பகுதி வரவில்லை.

அடுத்து அவர் அளவோடு விளையாடிய விதத்தைப் பாருங்கள். நாலாவது பகுதி மற்றவற்றைவிட ரொம்பச் சின்னது. ஊருக்கு வெளியிலிருந்து வரும் ஒரு போலீஸ்காரர் வழியாக நடக்கிற தனிக் கதை. எல்லாப் பகுதியும் ஒரே எடை இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே! தேதியை நிறுத்திவிட்டு எடையை மாற்றுவது, எங்கள் ஆலையில் நாங்கள் செய்வதும் அதுதான்.

அந்தக் கதையின் கட்டுமானமும் தொடருக்கென்றே செய்தது போல இருக்கும். ஹினாமிசாவா என்ற கற்பனை மலைக்கிராமம், 1983 ஜூன் மாதம், ஒரு ஊர்த்திருவிழா, அதையொட்டி நடக்கும் மரணங்கள். முதல் நாலு பகுதிகள் கேள்விகள், பின் நாலு பகுதிகள் விடைகள். கேள்விப் பகுதிகளில் முதல் மூன்றும் அதே ஜூன் மாதத்திலேயே மறுபடி தொடங்கும், வேறு திசையில் போய் முடியும். இதனால் இரண்டு லாபம். ஒவ்வொரு பகுதியும் தனியாக நின்று ஒரு கதையாக முடிகிறது. ஆறு மாதம் காத்திருப்பவர் பாதிச் சாப்பாட்டில் எழுப்பப்பட்டவர் போல உட்கார்ந்திருக்க மாட்டார். இன்னொன்று, பின்னணிப் படங்களும் பாத்திரப் படங்களும் திரும்பத் திரும்பப் பயன்படுகின்றன. பின்னணிகள் புகைப்படங்களை மாற்றிச் செய்தவை, பாத்திரங்களை அவரே வரைந்தார். கை விரல்கள் சுமார்தான் என்று ரசிகர்களே கிண்டல் செய்வார்கள். கதையை விட்டுவிட்டு யாரும் எழுந்து போகவில்லை. இந்தக் கதைக்குள் தேர்வுக் கேள்வியே கிடையாது என்பதையும் நம் தம்பிகள் கவனிக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றிச் சொல்கிறேன். முதல் பகுதியின் தொடக்கத்தில் மணிக்கணக்காக ஒன்றுமே நடக்காது. பள்ளிக்கூடம், பிள்ளைகளின் சீட்டாட்டம், சாப்பாடு, கேலி. பொறுமை போய்விடும். ஆனால் அந்தப் பிள்ளைகளோடு நாம் பழகாவிட்டால் பின்னால் வருகிற பயத்துக்கு அர்த்தமே இல்லை. அந்த மந்தத்தைத் தாங்க அவர் சில முட்டுக்கள் கொடுத்திருக்கிறார். அத்தியாயத்துக்கு அத்தியாயம் நடுவில் 'டிப்ஸ்' என்ற பெயரில் ஒரு பத்திரிகைத் துணுக்கு, ஒரு அறிக்கை, யாரோ பேசிக்கொண்ட நாலு வரி. அரை நிமிஷத்தில் படித்துவிடலாம், அடிவயிற்றில் மட்டும் சில்லென்று ஏதோ நிற்கும். பகுதி முடிந்ததும் பாத்திரங்களே உட்கார்ந்து, இதுவரை நடந்தது மனுஷன் செய்ததா சாபமா என்று விவாதிக்கிற ஒரு பின்காட்சி. அடுத்த ஆறு மாதம் வாசகர்கள் அதே விவாதத்தைத் தாங்களே நடத்தினார்கள். காத்திருக்கும் காலத்தையும் கதையின் ஒரு பாகமாகவே அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். மர்மக் கதைக்கு இது பொருந்தும். காதல் கதைக்கு ஆறு மாத இடைவெளி கொடுத்தால் என்ன ஆகும் என்பது எனக்குச் சந்தேகம்தான்!

மேற்கே வேறு வழி. அமெரிக்காவின் டெல்டேல் நிறுவனம் 2012-இல் 'தி வாக்கிங் டெட்' விளையாட்டை ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. ஏப்ரலில் முதல் பகுதி, நவம்பரில் கடைசி. ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒன்று. பகுதி முடிந்ததும், நீங்கள் செய்த தேர்வை எத்தனை சதவீதம் பேர் செய்தார்கள் என்று திரையில் காட்டுவார்கள். மறுநாள் அலுவலகத்தில் பேச விஷயம் கிடைத்துவிடும். பெரிய வெற்றி. ஆனால் அது சம்பளம் வாங்கும் ஒரு முழு நிறுவனம் செய்த வேலை. அதே நிறுவனம் 2018 செப்டம்பரில் பெரும்பாலான ஊழியர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. அப்போது அதே தொடரின் கடைசிப் பருவம் நடந்துகொண்டிருந்தது. நாலு பகுதிக்கும் சேர்த்துப் பணம் கட்டியவர்கள் கையில் இரண்டுதான் கிடைத்தது. பிறகு ஸ்கைபவுண்ட் என்ற வேறு நிறுவனம் பழைய ஊழியர்களில் சிலரைக் கூட்டிவந்து 2019 மார்ச்சில் முடித்துக் கொடுத்தது. எல்லோருக்கும் அப்படி ஒரு புண்ணியவான் கிடைக்க மாட்டான். 'ஹாஃப்-லைஃப் 2' விளையாட்டின் இரண்டாம் எபிசோட் 2007 அக்டோபரில் ஒரு துக்கத்தின் நடுவில் நின்றது. மூன்றாவது வரவே இல்லை.

'கெண்டக்கி ரூட் ஜீரோ' என்று இன்னொன்று. ஐந்து அங்கங்கள். முதல் இரண்டும் 2013-லேயே வந்தன. மூன்றாவது 2014, நான்காவது 2016, ஐந்தாவது 2020 ஜனவரி. ஆரம்பித்த இளைஞனுக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தை பள்ளிக்கூடம் போகிற காலம். செய்தவர்கள் ஒரு சின்னக் குழு. இடைவெளிகளில் சின்னச் சின்ன இடைக்காட்சிகளை இலவசமாகக் கொடுத்து, தாங்கள் உயிரோடிருப்பதைத் தெரிவித்துக்கொண்டே இருந்தார்கள். படைப்பு அருமை. அந்தப் பொறுமை நம்மிடம் உண்டா என்பது வேறு.

இனி தம்பிகளின் கணக்குக்கு வருவோம். உங்களில் எழுதுகிறவர் ஒருத்தர்தான். வகுப்பு, ஆய்வுக்கூடம் போக ஒரு நாளைக்கு 400 சொல் உருப்படியாக எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஐந்து நாள், 2,000 சொல். ஒரு பகுதிக்கு 20,000 சொல் என்றால் பத்து வாரம். நிமிஷத்துக்கு 110 சொல் வீதம் படித்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். பத்து வாரத்து உழைப்பை வாசகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடித்துவிட்டு, "அடுத்தது எப்போ?" என்பார்! இதில் திருத்தம், ஓவியம், இசை, பிழை பார்ப்பது எதுவும் சேரவில்லை. மாதம் ஒன்று என்பது எந்தக் கால்குலேட்டரிலும் வராது.

கிளைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பகுதிக்கு ஒரே ஒரு தேர்வு வைத்து, இரண்டு பக்கத்தையும் கடைசிவரை தனித்தனியாக ஓட்டினால், ஆறாம் பகுதி முடிவில் 64 பாதை. யார் எழுதுவது, யார் சோதிப்பது? பிரிந்த பாதை அந்தப் பகுதிக்குள்ளேயே மறுபடி வந்து சேரட்டும். தேர்வின் தழும்பு மட்டும் அடுத்த பகுதியில் தெரியட்டும். ஒருத்தி பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். அந்தத் தழும்புகளின் பட்டியலை முதல் பகுதி வெளியாவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். வெளியான பகுதியில் நீங்கள் பதிவு செய்யாமல் விட்ட விவரத்தை நாலாம் பகுதியில் தேடினால் கிடைக்காது. நீங்கள் பயன்படுத்தும் ரென்பை மென்பொருள் அதைத் தானாக யோசித்துச் செய்யாது. தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை பழைய பதிப்பை விட்டுவிடுங்கள். 2023-இல் வந்த 8.1-க்குப் பிறகுதான் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றன.

என் யோசனை இது. ஆறை நாலாகக் குறையுங்கள். இரண்டு பகுதி முழுசாக முடிந்து, மூன்றாவது முதல் வரைவில் இருக்கும்போது முதல் பகுதியை வெளியிடுங்கள். பிறகு நம் காமிக்கெட் நம் காலண்டரிலேயே இருக்கிறது: பொங்கல் விடுமுறை ஒன்று, ஜூன் விடுமுறை ஒன்று. நவம்பர், ஏப்ரல் இரண்டும் பரீட்சை மாதங்கள். அவற்றை வேலை மாதமாகக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ஏழாம் செமஸ்டரில் வேலைக்கான நேர்முகத் தேர்வுகள் வரும், நாலில் ஒருவர் காணாமல் போவார். யார் என்று இப்போதே தெரியாது. அதனால் ஓவியம் வரைபவரின் கோப்புகள் நாலு பேரிடமும் இருக்கட்டும். அடுத்த பகுதியின் முன்னோட்டக் காட்சி போடுவதானால், எழுதி முடித்த காட்சியிலிருந்து மட்டும் போடுங்கள்.

முன்பணம் பற்றி. தொடரை முழுசாக விற்காதீர்கள். முதல் பகுதி இலவசம். ரியூகிஷி07-ம் முதல் பகுதியை இலவசமாகக் கொடுத்தவர்தான். இரண்டாவதை, அது முடிந்து கையில் இருக்கும்போது, அதற்கு மட்டும் விலை வைத்து விற்றுக்கொள்ளுங்கள். வராத பகுதிக்கு வாங்கின காசு கடன். அந்தக் கடனோடு எட்டாம் செமஸ்டர் புராஜெக்ட்டும் வேலை தேடலும் நடக்க வேண்டாம் என்பதுதான் என் கவலை.

எல்லாம் முடித்த பிறகு மொத்தமாக வெளியிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' 2015-இல் ஐந்து பகுதியாக வந்தது. அந்த வரிசையின் 'ட்ரூ கலர்ஸ்' 2021-இல் ஒரே நாளில் முழுசாக வந்தது. பெரிய நிறுவனத்துக்கு அது சரி. நாலு மாணவர்களுக்கு முதல் பகுதிக்கு வருகிற பத்து கடிதங்கள்தான் அடுத்த பகுதியை எழுத வைக்கும். ஆகவே தொடராகவே வரட்டும், மெதுவாக வரட்டும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பட்டியல் போட்ட தாளை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.