எலியின் வீங்கிய காலும் அம்மாவின் விரல்களும்



'எலிசா' என்றதும் எலிக்கான சோதனை என்று நினைத்துவிடாதீர்கள். இரத்தத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தைக் கண்டுபிடித்து அளக்கும் முறையின் பெயர் அது. 1971-இல் சுவீடனிலும் நெதர்லாந்திலும் தனித்தனியே உருவானது. ஆனாலும் இன்று நான் சொல்லப்போவதில் எலியும் வருகிறது.

என் அம்மா தோட்டத்தில் பால் வெட்டியவர். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க ஒரு மணி நேரமாகும். "வயசானா அப்படித்தான்" என்று தைலம் தேய்த்துக்கொள்வார். நாங்களும் நம்பினோம். மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் அது முடக்குவாதம் என்று தெரிந்தது. அதற்குள் விரல்கள் கோணிவிட்டன.

பிறகு ஒரு நிகழ்ச்சிக்காக ஆய்வுக்கூடம் ஒன்றுக்குப் போனேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 சிறு குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் எதிர்ப்பொருள் ஒட்டப்பட்டிருக்கிறது. சுண்டெலியின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரைச் சிறிதளவு விட்டால், தேடுகிற புரதம் மட்டும் அதில் சிக்கிக்கொள்ளும். மற்றதைக் கழுவிவிட்டு, நொதி இணைத்த இன்னோர் எதிர்ப்பொருளைச் சேர்க்கிறார்கள். கடைசியில் நிறம் வருகிறது. நிறம் கூடினால் புரதம் கூடுதல். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கி அந்தப் பங்குக் கணக்கில் அளக்கிறார்கள் என்றால் பாருங்கள்!

மனிதருக்கான பெட்டியை எலிக்குப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்டேன். நம் புரதமும் எலியின் புரதமும் அச்சு அசலாக ஒன்றல்ல. எதிர்ப்பொருளுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போகலாம். எலியின் கால் வீங்கியிருக்கும். தட்டோ ஒன்றுமில்லை என்று சொல்லும். அதனால்தான் எலிக்கென்றே தனிப் பெட்டி.

இந்தக் கவனம் வீண் போகவில்லை. லண்டன் கென்னடி வாதநோய் ஆய்வுக்கழகத்தில் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும், டி.என்.எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுத்தால் சுண்டெலியின் மூட்டுவீக்கம் தணிவதை 1992-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு நோயாளிகளுக்கும் அம்முறையைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 1999-இல் அமெரிக்கா இன்ஃபிளிக்சிமாப் மருந்தை முடக்குவாதத்துக்கு அனுமதித்தது. அது எல்லாருக்கும் தேவைப்படும் மருந்தல்ல. காசநோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கொடுப்பார்கள். இருந்தாலும், வழியில்லை என்றிருந்த பலருக்கு ஒரு வழி திறந்தது.

தாய்மார்களே, இதே எலிசா முறையில் சி.சி.பி எதிர்ப்பொருளைத் தேடும் இரத்தச் சோதனை மனிதருக்கும் உண்டு. சோதனை மட்டுமே முடிவு சொல்லிவிடாது. மருத்துவர் விரலையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் அவரிடம் போனால்தானே தொட்டுப் பார்ப்பார்?

தைலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, காலை விறைப்பு நெடுநேரம் விடாமல், வாரக்கணக்கில் நீடித்தால் தைலத்தோடு நின்றுவிடாதீர்கள். வீட்டில் அம்மா சொல்லமாட்டார். பிள்ளைகள் நாளைக் காலை அவர் கையைப் பிடித்துப் பாருங்கள்.