நமக்கும் ஒரு கோச்சி: கேட்கிற முறையில் கேட்போம்

(மாதர் சங்கத்தினரும் தோட்டத் தலைவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



லயத்து வாசலில் நின்றால் கோச்சி போகிற சத்தம் நம்மில் பலருக்குக் கேட்கும். ஆனால், அதிலே ஏறி காலையில் கிளினிக்குக்குப் போய், பொழுது சாய முன்னர் வீடு திரும்ப முடிகிறதா? போன கூட்டத்தில் ஒரு தாய் சொன்னார்: "கோச்சி வருது, நமக்குத் தோதான நேரத்துக்குத்தான் வரல்ல." பஸ்சுக்கும் திரீவீலருக்குமாக அவருக்கு ஒரு நாள் சம்பளமே போய்விட்டதாம்.

இந்தப் பாதை ஆட்களுக்காகப் போட்டதல்ல. கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் போட்டது. கண்டிக்கு 1867இல் ரயில் வந்தது. நாவலப்பிட்டிக்கு 1874, நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894, பதுளைக்கு 1924. ஆரம்பச் செலவுக்குக் கோப்பி ஏற்றுமதி மீது வரி போட்டார்கள். அந்தக் கோப்பியைப் பறித்தவர்கள் நம்ம முன்னோர். பாதை வெட்டியவர்களிலும் நம்மவர்கள் இருந்தார்கள்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கும் ஒரு சின்ன ரயில் ஓடியது. லொறியும் பஸ்சும் வந்த பிறகு வருமானம் குறைந்து, 1940களில் அதை மூடிவிட்டார்கள். ஏறுகிற ஆள் எத்தனை, வருகிற காசு எவ்வளவு என்ற கணக்குத்தான் ஒரு ரயிலை வாழவைக்கும், இல்லாவிட்டால் மூடும். அந்தக் கணக்கு நம்ம கையில் இருக்க வேண்டும்.

நாம் என்ன கேட்கலாம்? நாவலப்பிட்டிக்கும் நானுஓயாவுக்கும் இடையில் காலையும் மாலையும் ஓடுகிற, இரண்டு மூன்று பெட்டி கொண்ட ஒரு சிறிய கோச்சி. வட்டவளை, ரொசெல்ல, கொட்டகலை, வட்டகொடை போன்ற சிறிய ஸ்டேஷன்களிலும் அது நிற்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மலையகத்தில் இருப்பது ஒற்றைப் பாதை. எதிரெதிராக வரும் இரண்டு ரயில்கள் ஸ்டேஷனில்தான் விலக முடியும். புதிதாக ஒன்றை விட்டால் மற்ற ரயில்களின் நேரத்தையும் மாற்ற வேண்டும். ஆகவே முதலில், இப்போதுள்ள ரயிலின் நேரத்தைச் சற்று மாற்றவும், நிற்காத ஸ்டேஷனில் நிறுத்தவும் கேட்போம். அதற்குச் செலவு குறைவு. புதிய ரயிலை அடுத்தபடியாகக் கேட்போம்.

செலவு மூன்று வகை. பாதையும் பாலமும் ஒன்று. எஞ்சினும் பெட்டியும் இன்னொன்று. எண்ணெய், சாரதி, கார்ட் என்ற அன்றாடச் செலவு மூன்றாவது. பெரிய வேலைகளுக்கு அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் எடுக்கும். இந்தியக் கடனில் திருத்திய பாதையில்தான் 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் போனது. சீனக் கடனில் 2019இல் மாத்தறையிலிருந்து பெலியத்த வரை 26 கிலோமீற்றர் புதுப்பாதை திறந்தது. ஆனால் அன்றாடச் செலவுக்கு ஒருவரும் கடன் தரமாட்டார்கள். டிக்கட் காசு போதாமல் வருவதைத் திறைசேரிதான் தாங்குகிறது. அதனால் நம்ம கோரிக்கை வரவு செலவுத் திட்டம் எழுதி முடிக்க முன்னரே போய்ச் சேர வேண்டும். அது பாராளுமன்றத்துக்கு வந்த பிறகு சத்தம் போட்டுப் பிரயோசனமில்லை.

2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்தபோது மலை சரிந்து, பாதை பல இடங்களில் உடைந்தது. உடைந்ததைக் கட்டினால் போதும் என்று நாம் இருந்துவிடக் கூடாது. பழைய நேரத்துக்கே ஓடினால் அந்தத் தாய்க்கு என்ன விடிவு?

ஆகவே ஒரு வேலை சொல்கிறோம். ஒவ்வொரு டிவிஷனிலும் ஓர் அப்பியாசக் கொப்பி வையுங்கள். ஒரு கிழமைக்குப் பிரட்டுக்களத்திலும் பிள்ளை மடுவத்திலும் கேட்டு எழுதுங்கள்: யார் போனார், எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு காசு செலவு, எந்த ஸ்டேஷன் கிட்ட. பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். கூட்டியும் எழுத வேண்டாம். ஒரு பொய்க் கணக்கு பிடிபட்டால் மற்ற உண்மைக் கணக்கும் செல்லாது.

அதை ஒன்றாகச் சேர்த்து ரயில்வே பொது முகாமையாளருக்கும், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும், எல்லாக் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் கொடுப்போம். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்வோம்.

கொழுந்தை நிறுத்துக் கணக்குப் பார்க்கத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கும் தெரியும். கொப்பியோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.