பாரமும் பிரேக்கும்



ஓடும் வண்டியை நிறுத்தப் பிரேக்கை மிதித்ததும் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. பின் சக்கரங்கள் இலேசாகின்றன. சரக்கில்லாத பிக்கப் வண்டியில் இவ்விளைவு மிகுதி. முன் சக்கரங்கள் முதலில் சுழலாது நின்றால், திருப்ப இயலாதெனினும் வண்டி பெரும்பாலும் நேரே வழுக்கும். பின் சக்கரங்கள் முந்திக்கொண்டாலோ வண்டியே சுழன்றுவிடும்.

இதனைத் தவிர்க்க, 1980-களின் டொயோட்டா ஹைலக்ஸ் பலவற்றில், பின் அச்சோடு கம்பியால் பிணைத்த வால்வு ஒன்றை அமைத்தனர். சரக்கேற்றினால் வண்டியின் உடல் தாழும். கம்பி அசைந்து, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் செல்ல வழிவிடும். சரக்கை இறக்கினால் அழுத்தம் குறையும். உயரமான ஸ்பிரிங்குகளைப் பொருத்திவிட்டால், நிறைந்த வண்டியையும் வெற்று வண்டியென்றே வால்வு கொள்ளும்.

பின் பிரேக் தளர்ந்ததும் வால்வைக் கழற்றி எறிவோர் உளர். ஈரச் சாலையில் வெற்று வண்டிக்கு அது பேராபத்து. டிரம்மில் எண்ணெய்க் கசிவு உண்டா, பிரேக் ஷூ தேய்ந்துள்ளதா, குழாயில் காற்று புகுந்துள்ளதா, கம்பியின் மூட்டு துருவேறி இறுகியுள்ளதா என்று முதலில் ஆராய வேண்டும். பின்னரே அழுத்தத்தை அளந்து வால்வைத் திருத்த வேண்டும்.

காவலனை நீக்குவது கோளாற்றை நீக்குவதாகாது.