கடையும் குடும்பமும்



வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டிற்கும், போடி மலையேறி இடுக்கிக்கும் வந்த நம்மவர் கடை தொடங்கியபோது, பெயர்ப்பலகையில் ‘அண்டு சன்ஸ்’ என்று எழுதிக்கொண்டவர் பலர். அக்குடும்பக் கடையும் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிப் பொருளாகியுள்ளது என்றால் சிலர் நகைக்கக்கூடும்.

1964-இல் அமெரிக்க மானிடவியல் அறிஞர் மில்டன் சிங்கர் சென்னையில் தொழிலதிபர் 19 பேரைக் கண்டு வினவி ஆராய்ந்தார். கூட்டுக் குடும்பம் தொழில் வளர்ச்சிக்குத் தடை என்பது அந்நாளில் மேனாட்டறிஞர் பலர் கொண்ட கருத்து. அவர் கண்டதோ வேறு. தனித்தனி வீடுகளில் வாழ்ந்தபோதிலும் அவர்கள் குடும்பக் கடமைகளைக் கைவிடவில்லை. கூட்டுக் குடும்ப ஒழுங்கே தொழில் நிருவாகத்திற்கும் துணையாயிற்று. வீட்டு ஆசாரம் வீட்டோடு, அலுவலக முறை அலுவலகத்தோடு என்று அவர்கள் பிரித்துக்கொண்டதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

பின்னர் 1978-இல் ஹார்வர்டில் தக்யூரி, டேவிஸ் என்னும் இருவர் குடும்பம், உடைமை, தொழில் என மூன்று வட்டங்களை, ஒன்றையொன்று வெட்டுமாறு வரைந்தனர். கல்லாவில் அமரும் மூத்த மகன் மூன்றிலும் நிற்கின்றான். வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் தம்பிக்கு உடைமையுண்டு, தொழிலில்லை. இரவெல்லாம் கணக்கெழுதும் மருமகளுக்குத் தொழிலுண்டு, உடைமையில்லை. பூசல் விளைவது பெரும்பாலும் ஆளின் குணத்தாலன்று, அவர் நிற்கும் இடத்தாலே என்பது இப்படத்தால் விளங்கும். குணமும் சிறிது காரணந்தான். அதனை நம் வீடுகளில் மறுப்பாரில்லை!

எல்லையோரத்தில் வாழும் நமக்குச் சட்டத்தாலும் ஒரு சிக்கலுண்டு. கேரளத்தில் 1975-ஆம் ஆண்டின் கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றே கூட்டுச் சொத்து பாகம் பிரிந்ததாகக் கொள்ளப்பட்டது. பிறப்பால் வரும் உரிமையும் ஒழிந்தது. கோயமுத்தூரிலுள்ள நம் பங்காளிகளுக்கோ கூட்டுக் குடும்பம் தொடர்ந்தது; அங்கே 1989-இல் மணமாகாத மகளிர்க்கும் பங்குரிமை வந்தது. 2005-இல் மத்தியத் திருத்தம் மகளிர்க்குச் சமவுரிமை தந்தது. அதற்குக் கேரளச் சட்டத்தின் 3, 4-ஆம் பிரிவுகள் முரணானவை என்று 2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆற்றுக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே குடும்பத்துக்குக் கிளைக்கடைகள் இருந்தால், பாகப்பிரிவினையில் எத்துணை வழக்கு எழும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

‘கடை எல்லோருக்கும் பொது’ என்று பெரியவர் வாய்மொழியாகச் சொல்லிவைப்பது போதாது. உடைமை யாருடையது, உழைப்பவர்க்கு ஊதியம் எவ்வளவு, மகளுக்குப் பங்கு யாது என்பனவற்றை அவர் இருக்கும்போதே வழக்கறிஞரைக் கொண்டு பத்திரமாக எழுதிவிடல் வேண்டும். அப்பத்திரத்தில் கணக்கெழுதும் மருமகளின் பெயர் எங்கே வரும் என்று இவ்வாண்டுக்குள் ஒவ்வொரு வீட்டிலும் கேளுங்கள்.