மார்பகக் கதிர்வீச்சும் இதயத் துடிப்பும்

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் இன்று பல்லாண்டு வாழ்கிறார்கள். அதனால்தான் சிகிச்சை முடிந்து பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களுடைய இதயம் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மார்பகத்தை அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்ட 10,801 பெண்களைப் பற்றிய 17 ஆய்வுகளின் தொகுப்பு 2011இல் வெளிவந்தது. கதிர்வீச்சு பெறாதவர்களில் பத்தாண்டுக்குள் நோய் திரும்பியது 35 சதவீதம்; பெற்றவர்களில் 19.3 சதவீதம். இந்தப் பலனை யாரும் கைவிடக் கூடாது.

ஆனால் இடது மார்பகத்துக்குப் பின்னால்தான் இதயம் இருக்கிறது. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை கதிர்வீச்சு பெற்ற 2,168 பெண்களின் விவரங்களை டார்பி என்ற ஆய்வாளரின் குழுவினர் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். இதயத்துக்குப் போகும் சராசரி கதிர்வீச்சு அளவு ஒரு கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கூடினால், மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகள் 7.4 சதவீதம் கூடின. இந்த அளவுக்குக் கீழே பயமில்லை என்று சொல்லும்படி ஓர் எல்லையும் தென்படவில்லை.

இது ரத்தக் குழாயின் கதை. துடிப்பின் கதை வேறு. வலது மேலறையின் உச்சியில் உள்ள சைனஸ் கணுவில் மின்தூண்டல் பிறக்கிறது. மேலறைகளைக் கடந்து, நடுவிலுள்ள ஏ.வி. கணு வழியாக அது கீழறைகளுக்கு இறங்குகிறது. கதிர்வீச்சு நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்துகிறது, அழற்சி வருகிறது, ஆண்டுகள் போகப் போக அங்கே தழும்புத் திசு படிகிறது. தழும்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. மேலறையில் தழும்பு விழுந்தால், அது தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரலாம், ஏ.வி. கணுவில் விழுந்தால் துடிப்பு தடைப்பட்டு பேஸ்மேக்கர் வரை போகலாம். இந்த இரண்டாவது பாதிப்பு, ஹாட்ஜ்கின் நோய் என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்காக நடுமார்பில் அதிக அளவு பெற்றவர்களிடமே பெரிதும் காணப்பட்டது. இன்றைய மார்பகச் சிகிச்சையில் அபூர்வம். சிகிச்சை வலது மார்பகத்துக்குத்தானே என்றும் இருந்துவிட முடியாது. மார்பெலும்பை ஒட்டிய நிணநீர்க் கணுக்களையும் சேர்த்துக் கொடுத்தால், வலது மேலறைக்கும் பங்கு போகும்.

படபடப்புக்கெல்லாம் கதிர்வீச்சையே குற்றம் சொல்வதும் தவறு. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, டாக்சோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்துகள் என்று காரணங்கள் பல. ஆனால் ‘மனக்கவலைதான்’ என்று ஈ.சி.ஜி. கூட எடுக்காமல் அனுப்புவது அதைவிடப் பெரிய தவறு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறையில் ரத்தம் தேங்கி உறையலாம். அந்த ரத்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த அபாயம் மற்றவர்களுக்கு இருப்பதைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இருக்கிறது.

தடுப்புக்கும் வழி இருக்கிறது. இடது மார்பகத்துக்குச் சிகிச்சை பெறும் பெண் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் படுத்திருக்கிறார். ஒலிபெருக்கியில் டெக்னீஷியனின் குரல்: “நல்லா மூச்சை இழுங்கம்மா... அப்படியே பிடிங்க.” நுரையீரல் விரிகிறது, இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகிக் கீழே இறங்குகிறது. சுமார் இருபது நொடி கதிர் பாய்கிறது. மூச்சு தளர்ந்தால் கதிர் நின்றுவிடுகிறது. மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை. இதயத்துக்குப் போகும் அளவு கணிசமாகக் குறைகிறது.

மருத்துவ மாணவர்களே, இதயத்துக்குப் போன சராசரி அளவைத் திட்டமிடும் கணினி கணக்கிட்டு வைத்திருக்கிறது. 2022இல் வந்த ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதல்கள் அந்த எண்ணைக் கொண்டே பிற்கால அபாயத்தை வகைப்படுத்துகின்றன: 5 கிரேக்குக் கீழே குறைவு, 25க்கு மேலே மிக அதிகம். அந்த எண்ணை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியாக எழுதிக் கொடுங்கள்.

தாய்மார்களே, அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். லேமினேட் செய்து வையுங்கள். நெஞ்சு படபடத்தாலோ, தலை சுற்றினாலோ, மணிக்கட்டில் நாடி தாறுமாறாக அடித்தாலோ, எத்தனை ஆண்டு கழித்தானாலும் அந்தத் தாளோடு இதய மருத்துவரிடம் போய், “எனக்குக் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள், ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்” என்று சொல்லுங்கள்.